புதர்ப் பன்றியும் குட்டைக் குழல் துப்பாக்கியும்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக எங்கள் பழையசீவரத்து மலைக்கு எழுந்தருளுவதும், பின்னர்ப் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குச் செல்வதும் இவ்வட்டாரத்தார் அறிந்ததே. பெருமாளுக்கு வேட்டை ஆண்டில் ஒரு நாள் விழா. ஆற்றோரக் கொல்லையில் வேர்க்கடலை போட்டவருக்கோ அது இரவுதோறும் உள்ள கவலை. பகலெல்லாம் முட்புதருக்குள் கிடக்கும் காட்டுப்பன்றிக் கூட்டம் இருட்டிய பின் இறங்குகிறது. தின்பது கால் பங்கு, கிளறிப் பாழாக்குவது முக்கால் பங்கு. காய் பிடித்த கடலைக் கொல்லையை விடியற்காலையில் பார்த்தால் ஏர் ஓட்டியதுபோலக் கிடக்கும். நெல்லில் புரண்டு சாய்த்துவிடும். கரும்பில் அடிக்கட்டையைக் கடித்து இழுத்துப்போடும்.

இந்நிலையில் தேநீர்க் கடைப் பேச்சில் அடிக்கடி ஒரு யோசனை எழுகிறது. ‘குட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும், அதற்குப் பெரிய ஒற்றைக் குண்டும் கிடைத்தால் போதும், புதருக்குள் புகுந்து சுட்டுவிடலாம்’ என்பார்கள். அமெரிக்க வேட்டைக்காரர்களிடமும் இதே கருத்து உண்டு. அதற்கென்றே துப்பாக்கி செய்து விற்கும் கம்பெனிகளும் அங்கே உண்டு. இந்த யோசனை எவ்வளவு தூரம் சரி? இயற்பியல் படிக்கும் மாணவன் என்ற முறையிலும், பன்றி இறங்கும் ஊரைச் சேர்ந்தவன் என்ற முறையிலும் இதனை ஆராய்ந்து பார்த்தேன்.

முதலில் புதரைப் பற்றி ஒரு சொல். நம் முன்னோர் தினைப்புனத்தில் பரண் கட்டிக் கவண் எறிந்து காத்த காலத்தில், பன்றி மலையிலும் காட்டிலும் இருந்தது. வட ஆர்க்காடு, தருமபுரிப் பக்கங்களில் இன்றும் காணப்படும் ‘பன்றிகுத்திப்பட்டான்’ நடுகற்கள், பன்றியோடு பொருது இறந்தவனுக்கு ஊரார் கல் எடுத்த செய்தியைச் சொல்லுகின்றன. இப்போது காடு நம்மிடமே வந்துவிட்டது. 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் ஏரிக்கரை, ஆற்றுப் படுகை, தரிசு என்று வேறுபாடின்றிப் பரவிவிட்டது. பத்தடிக்கு மேல் கண் செல்லாத முட்புதர் அது. நாய் நுழையத் தயங்கும் இடத்தில் பன்றி குட்டி போட்டு வளர்க்கிறது. துப்பாக்கி பற்றிய பேச்செல்லாம் இந்தப் புதரை மனத்தில் வைத்தே பேசவேண்டியிருக்கிறது.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். பயிர்க்காவலுக்கு நம் நாட்டில் வழக்கமாக உள்ளவை உட்குழல் வழவழப்பான துப்பாக்கிகள். மருந்தை வாய்வழியே கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒரு வகை. குழலின் பின்புறத்தில் தோட்டாப் போடும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகள் மற்றொரு வகை. தோட்டாத் துப்பாக்கிகளில் 12 போர் என்பதே பெருவழக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்று நுழையும் அளவு உட்குழல் என்பது இதன் பொருள். கணக்கிட்டால் ஏறத்தாழ 18½ மில்லிமீட்டர் விட்டம் வரும். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும் என்பது இதனால் விளங்கும்.

இத்துப்பாக்கியில் இரண்டு விதமாகத் தோட்டாப் போடலாம். பல ரவைகள் கொண்டது ஒன்று. ஒற்றைக் குண்டு கொண்டது மற்றொன்று. பன்றிக்குப் பெருரவை போதுமே என்பவர் உண்டு. கணக்கு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. எல்.ஜி. எனப்படும் பெருரவை ஓர் அவுன்சுக்கு ஆறு. ஆக ஒரு ரவையின் எடை 4.7 கிராம். அது வினாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொண்டால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 340 ஜூல். அதே ஓர் அவுன்சு, அதாவது 28.35 கிராம் ஈயம், ஒரே குண்டாக வினாடிக்கு 475 மீட்டர் வேகத்தில் சென்றால் ஆற்றல் 3,200 ஜூல் அளவுக்கு வருகிறது. முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின்மேல் கேடயம் போன்ற தடித்த தோலும் குருத்தும் அமைந்திருக்கும். எதிர்ப்பன்றியின் கொம்பைத் தாங்குவதற்கு இயற்கை அளித்த கவசம் அது. அதன்மேல் சேறு காய்ந்து அப்பியிருக்கும். உருண்டை ரவை காற்றில் விரைவாக வேகம் இழப்பது. முப்பது நாற்பது கஜத்துக்கப்பால் இக்கவசத்தின் முன் அதற்கு வலிமை போதாது. ரவைகள் சிதறி ஒன்றிரண்டு குடலில் பாய்ந்தால் பன்றி அன்றே சாகாது. புதருக்குள் கிடந்து நாலைந்து நாள் வேதனைப்படும். அல்லது மறுநாள் விறகு பொறுக்கப் போகும் பெண்மணியின்மேல் பாயும். ஆகவே பன்றிக்கு ஒற்றைக் குண்டு என்பதில் தேநீர்க் கடைக் கூற்று சரியே.

ஒற்றைக் குண்டு புதிய கண்டுபிடிப்பன்று. வெள்ளைக்காரர் காலத்தில் குதிரை ஓடக்கூடிய சமவெளிகளில் பன்றியை ஈட்டியால் குத்துவதே வீரம். சுடுவது இழிவு என்று துரைமார் கருதினர். பாறையும் முள்ளும் நிறைந்த இடங்களில் அவர்களும் துப்பாக்கியையே எடுத்தார்கள். ஒரே துப்பாக்கியால் காடையையும் சுடவேண்டும், எதிரே பன்றியோ புலியோ வந்தால் அதையும் சுடவேண்டும் என்ற இந்தியக் காட்டின் தேவைக்காகப் பிறந்ததே ‘பாரடாக்ஸ்’. வாயருகே சில அங்குலம் மட்டும் உட்சுரி வெட்டிய அந்தக் குழலுக்கு, இந்தியாவில் பணிபுரிந்து விக்டோரியா கிராஸ் பெற்ற ஃபாஸ்பெரி என்னும் இராணுவ அதிகாரி 1885-இல் காப்புரிமை பெற்றார். வெறும் வழவழப்பான குழலுக்கென்று ஜெர்மனியில் பிரென்னெக்கே 1898-இல் ஒரு குண்டு வகுத்தார். அமெரிக்காவில் ஃபாஸ்டர் 1931-இல் பின்புறம் குடைந்த ஒரு குண்டு செய்தார். இரண்டின் தத்துவமும் நம் இறகுப்பந்தின் தத்துவமே. எடை முன்னால், இலேசு பின்னால். ஆதலால் சுழலாமலே தலை முன்னாக நேரே செல்கிறது. குண்டின்மேல் தெரியும் சாய்ந்த வரிகள் அதனைச் சுழற்றுவதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். குழல்வாய் குறுகலாக இருந்தால் ஈயம் நசுங்கி வெளிவர இடம் விடுவதே அவற்றின் முதன்மையான வேலை.

குறுகலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. பழைய இரட்டைக் குழல்களில் ரவை அதிகம் சிதறாதிருக்க வாய்ப்புறத்தைச் சற்றே ஒடுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் இடக்குழலில் இவ்வொடுக்கம் அதிகம். பறவைக்கு அது நல்லது. உட்குழலின் முழு அளவுக்கு வார்த்த ஈய உருண்டையை அதில் சுடுவது குழலையே பிளக்கக்கூடும். பாட்டனார் காலத்துத் துப்பாக்கி என்று பெருமையோடு எடுக்குமுன், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி ஒடுக்கத்தை அளந்துகொள்வது உயிருக்கு நல்லது.

இப்போது முக்கியமான கேள்வி. குழல் குட்டையாக இருப்பதால் என்ன பயன்?

புதரில் திருப்ப எளிது என்பது உண்மை. நீண்ட குழல் கொடியில் சிக்கும், கிளையில் தட்டும். வேகமும் அதிகம் குறைவதில்லை. இக்காலப் புகையிலா மருந்து குழலின் முற்பாதியிலேயே பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடுகிறது. 28 அங்குலத்திலிருந்து 22 அங்குலத்துக்கு வந்தால், அங்குலத்துக்கு வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகமே குறையும். பன்றிக்கு அந்த வேறுபாடு தெரியாது. (கருமருந்து இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு இது பொருந்தாது. அம்மருந்துக்கு நீளக் குழலே ஏற்றது.) ஆனால் கொடுத்துப் பெறும் கணக்கில் எதிர்ப்பக்கமும் உண்டு. குட்டைக் குழலின் வாயில் வெடிப்பொலி காதை அடைக்கும். இருட்டில் தீச்சுவாலை கண்ணைப் பறிக்கும். அடுத்த சில விநாடிகள் பன்றி எங்கே என்று தெரியாது. உதையும் கூடும். மேலே சொன்ன குண்டைச் சுட்டால், மருந்தின் வளியைக் கணக்கில் சேர்க்காமலே, 3 கிலோ துப்பாக்கி வினாடிக்கு 4½ மீட்டர் வேகத்தில் தோளை உதைக்கிறது. 2½ கிலோவாக இலேசாக்கினால் அது 5.4 மீட்டராகிறது. குறிமணிக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி குறைவதால் குறி பிசகுவதும் எளிதாகும்.

வேறொன்றையும் கவனிக்கவேண்டும். கையில் தடுக்குவது குழலின் நீளமன்று. துப்பாக்கியின் முழு நீளம். ‘பம்ப் ஆக்ஷன்’ என்னும் ஒற்றைக் குழல் துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் பொறிப்பகுதி குழலுக்குப் பின்னால் நீண்டு கிடக்கிறது. இரட்டைக் குழலில் அது மிகக் குறுகியது. ஆகையால் 26 அங்குலக் குழலுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி, 22 அங்குலக் குழலுள்ள பம்ப் துப்பாக்கியின் நீளமே இருக்கும். குட்டைக் குழல் தேடி அலைபவர் இதனை ஓர் அளவுநாடாவால் சோதித்துப் பார்க்கலாம். இரட்டைக் குழலில் இரண்டாம் வெடி உடனே கிடைப்பதும் ஒரு வசதி. அதன் குறை, இரு குழல்களின் ஒற்றைக் குண்டுகளும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்பது. ரவைக்காக இசைவித்த குழல்கள் குண்டை ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் எறியலாம். காகிதத்தில் 30 கஜத்துக்குச் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் உண்டு. பம்ப் வகையில் இத்தொல்லை இல்லை. திருச்சிராப்பள்ளியிலுள்ள படைக்கலத் தொழிற்சாலையே 12 போர் பம்ப் துப்பாக்கி செய்து உரிமம் உள்ளோருக்கு விற்றதுண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பின்குறியும் பொருத்திய, ஒடுக்கமில்லாத ஒரு பம்ப் துப்பாக்கியையே சொல்லுவேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்களுக்கு இரட்டைக் குழல்தான் துப்பாக்கி.

எவ்வளவு குட்டை வரை போகலாம்? இதற்கு இயற்பியல் விடை சொல்லவேண்டிய தேவையில்லை. சட்டமே சொல்லிவிட்டது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பாதுகாப்புக்கோ வேட்டை விளையாட்டுக்கோ உரிமம் தரத்தக்க வழவழப்பான குழல் 20 அங்குலத்துக்குக் குறையாதிருக்கவேண்டும் என்கிறது. மெய்யான பயிர்க்காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியையே அது முதலில் குறிப்பிடுகிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் மேற்சொன்ன அளவுள்ள வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். 20 அங்குலத்துக்குக் குறைந்ததை ஆயுத விதிகள் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளோடு ஒரே வரிசையில் வைத்திருக்கின்றன. உள்ள குழலைக் குறைப்பதும் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி உரிமமின்றிச் செய்யக்கூடாத காரியம். அமெரிக்காவில் இவ்வெல்லை 18 அங்குலம், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி. இங்கிலாந்தில் 24. எல்லா நாட்டிலும் காரணம் ஒன்றே. போர்வைக்குள் மறையும் துப்பாக்கி புதருக்கு ஆகுமோ ஆகாதோ, வழிப்பறிக்கு மிகவும் ஆகும். சட்டம் எழுதியவர் கண்முன் நின்றவன் உழவன் அல்லன், கொள்ளைக்காரன். இருந்தாலும் 20 முதல் 24 அங்குலம் என்பது புதர் வேட்டைக்குக் கணக்குப்படியும் நல்ல அளவாக அமைந்துவிட்டது. அதற்குக் கீழே போவதால் உழவனுக்கு ஊதியம் ஒன்றுமில்லை.

குட்டைக் குழலைவிடப் பெரிய மூடநம்பிக்கை ஒன்று உண்டு. ‘கனத்த குண்டு சுள்ளியை முறித்துக்கொண்டு நேரே போகும்’ என்பது அது. முறிப்பது மெய், நேரே போவது பொய். எந்தக் குண்டும் சுள்ளியில் பட்டால் திசை மாறும். கனத்த குண்டு சிறிது குறைவாக மாறலாம், அவ்வளவே. இரண்டு பாகை மட்டும் விலகியதாகக் கொள்வோம். சுள்ளி பன்றிக்கு 3 மீட்டர் முன்னால் இருந்தால் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளி விழும், பன்றி தப்பாது. அதே சுள்ளி பன்றிக்கு 20 மீட்டர் முன்னால், அதாவது சுடுபவர் பக்கம், இருந்தால் 70 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இதயத்தைக் குறிவைத்தது பின்னங்காலில் படும், அல்லது படவே படாது. ஆகவே புதருக்குள் சுடுவதற்கென்று ஒரு துப்பாக்கி இல்லை. புதரின் விளிம்பில், பன்றி வெளிப்படும் வழியில், காற்று முகத்தில் அடிக்கும் பக்கமாக அமர்ந்து காத்திருப்பதே முறை. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. இவ்விதம் காத்திருந்தால் குழல் 20 அங்குலமா 28 அங்குலமா என்பது பெரிதன்று.

படாத குண்டு எங்கே போகிறது? இக்கேள்வியைத் தேநீர்க் கடையில் யாரும் கேட்பதில்லை. மேல்நோக்கிப் போன ஒற்றைக் குண்டு முக்கால் கிலோமீட்டருக்கு மேலும் சென்று விழக்கூடியது. கல்லிலும் நீரிலும் பட்டால் எகிறித் திசை மாறும். எங்கள் ஊரின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் செங்கற்பட்டுச் சாலை, அதனையொட்டி இரயில் பாதை, மறுபக்கம் ஆற்று மணலில் நடமாடும் மக்கள், அக்கரையில் திருமுக்கூடல். நடுவில் உள்ள கொல்லைகளிலோ அவரவர் பயிரைக் காக்க ஆங்காங்கே குடிசையில் படுத்திருப்பவர்கள். இருட்டில் சலசலக்கும் கடலைச் செடிக்குள் இருப்பது பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரரா என்று ஒலியைக் கொண்டு அறியமுடியாது. சமதரையில் நின்று சுடுவது ஆகாது. பரண்மீதோ ஏரிக்கரைமீதோ இருந்து கீழ்நோக்கிச் சுட்டால், தவறிய குண்டைப் பன்றிக்குப் பின்னாலுள்ள மண்ணே வாங்கிக்கொள்ளும். பரண் கட்டிய பழைய தினைக்காவலர் இக்காரணத்துக்காகக் கட்டவில்லை. ஆயினும் துப்பாக்கிக் காலத்துக்கும் அது பொருந்தி வருகிறது.

சுடுவதற்கு உரிமை யாருக்கு என்பதையும் சொல்லாமல் முடியாது. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது வேறு. பன்றியைச் சுட அனுமதி இருப்பது வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. நிற்கும் பயிருக்கு ஆபத்தாகிவிட்ட பன்றியைக் கொல்ல அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்து மூலம் அனுமதிக்கலாம். கேரளத்தில் 2022-இல் இவ்வதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் பட்டியலிடப்பட்டுச் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் வழி வேறு. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையினரே சுடவேண்டும். ஆகவே எங்கள் ஊர் உழவர் எவ்வளவு நல்ல துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தாலும், அதைக் கொண்டு பன்றியைச் சுட அவருக்கு இடமில்லை. தேர்வு வனத்துறையுடையது. பன்றி வரும் தடம், தரையின் சரிவு, யார் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஆகியவை மட்டுமே உழவர் கையில் உள்ளன. நான் பார்த்த அளவில் துப்பாக்கியைவிட அவையே விலையுயர்ந்தவை.

இம்முறை குறையற்றது என்று சொல்லமாட்டேன். வேர்க்கடலை 105 நாள் பயிர். பன்றி அதை நாடுவது காய் முற்றும் கடைசி முப்பது நாற்பது நாட்களில். விண்ணப்பம், பரிந்துரை, ஆணை, சுடும் ஆள் என்று நான்கு படி ஏறி இறங்குவதற்குள் அறுவடை முடிந்துவிட்டால் அனுமதி யாருக்குப் பயன்படும்? கேரள முறையின் விரைவு நமக்கு இல்லை. நம் முறையின் கட்டுப்பாடு கேரளத்தில் இல்லை. எங்கள் ஊர் இருட்டையும் நெருக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில், பழகிய கையே சுடவேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கை பூப்பூத்த காலத்திலேயே ஊருக்கு வந்து இடம் பார்த்துப் போகவேண்டும். தாமதத்தைத் தாங்கமுடியாதவர் மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரடியாகக் கொடுக்கத் துணிகிறார். அக்கம்பி பன்றி, மாடு, மனிதர் என்று பார்ப்பதில்லை. 20 அங்குலத்துக்குக் குறைந்த குழலைவிடப் பன்மடங்கு கொடிய ஆயுதம் அது, அதற்கு உரிமம் கேட்பாரும் இல்லை.

அடுத்த பருவத்துக்கு முன் எங்கள் ஊரில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விதைத்த முதல் மாதத்திலேயே பகல் வேளையில் நாலு பேர் ஆற்றோரம் நடந்து, பன்றி வெளிப்படும் வாய்களைக் குறித்து, எந்த வாய்க்கு எந்தப் பக்கம் பரண் கட்டினால் குண்டு மண்ணில் முடியும் என்று ஒரு தாளில் வரையவேண்டும். காப்புக்காட்டுக் கல்லிலிருந்து ஒவ்வொரு கொல்லையும் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அத்தாளிலேயே எழுதி வனவரிடம் கொடுத்துவிடலாம். எங்கள் கல்லூரியில் நில அளவை தெரிந்த புவியியல் மாணவர் பலர் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.